பெற்ற மனம் அறியுமா?

"பெற்ற மனம் பித்து" என்பது நம் முன்னோர் வாக்கு. பித்து என்றுதான் அவர்கள் சொன்னார்கள். அறிவு என்று சொல்லவில்லை. ஆயினும் அந்தப் பழமொழியை வாயாற் சொல்லிக்கொண்டே நாம் அதற்கு நேர்மாறான ஒன்றை நம்பி வருகிறோம். ஆயிரம் பிள்ளைகளுக்கு நடுவிலும் தாய் தன் பிள்ளையைக் கண்டுகொள்வாள், எத்தனை ஆண்டு கழிந்தாலும் இரத்தம் இரத்தத்தை அறியும் என்பது நமது நம்பிக்கை. மரியாதை ராமன் கதையிலும் சாலமன் மன்னன் கதையிலும் இரண்டு தாய்மார் ஒரு குழந்தைக்காக வழக்காடுகிறார்கள். உண்மைத் தாயின் மனமே அங்குத் தீர்ப்பு எழுதுகிறது. நமது திரைப்படங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த தம்பியை இருபது ஆண்டுக்குப் பின் ஒரு மச்சமோ ஒரு பாட்டோ காட்டிக் கொடுத்துவிடும்.

கதையில் இது அழகுதான். ஆனால் வாழ்க்கையில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கும் குடும்பத்தின் வாயிலில், "இதோ உங்கள் பிள்ளை" என்று ஒருவர் வந்து நின்றால் என்ன நடக்கிறது? இந்தக் கேள்வியை நான் நூலகத்தில் இருந்துகொண்டு எழுப்பவில்லை. அப்படி ஒருவனாக நானே ஒரு வாயிலில் சென்று நின்றேன். ஆதலால்தான் எழுதுகிறேன்.

சாகண் என்ற ஊரை நம்மில் பலர் அறிவோம். புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒரு காலத்தில் வெங்காயச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். இப்பொழுதோ கார்த் தொழிற்சாலைகளுக்கும் அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்யும் பட்டறைகளுக்கும் பெயர் பெற்றது. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் மராட்டியத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும் நம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் ஒற்றை அறை வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் அறை மாறும். அடுத்த அறைக்காரர் யார் என்று அறியுமுன்னே அவர் போய்விடுவார். அங்கே ஒரு பட்டறையில் நான் இரண்டு மாதம் பயிற்சிக்காகச் சென்றிருந்தேன். நம்மூர் அண்ணாச்சி ஒருவர் நடத்தும் இட்லிக் கடையில்தான் காலையுணவு. அந்தக் கடைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. எட்டு வயதுச் சிறுவனின் படம். மேலே மராட்டியில் 'காணவில்லை' என்ற சொல். கீழே தந்தையின் தொலைபேசி எண். புருவத்தின் மேல் ஒரு தழும்பு உண்டு என்றும் எழுதியிருந்தது. தினமும் பார்த்துப் பார்த்து அந்த முகம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

பயிற்சி முடிந்து விடுமுறைக்கு ஊர் செல்லும் வழியில், சோலாப்பூர் நிலையத்தில் வண்டி நின்றபொழுது, பெட்டியைத் துடைத்துக் காசு கேட்ட ஒரு சிறுவனைக் கண்டேன். புருவத்தின் மேல் தழும்பு. என் நெஞ்சு படபடத்தது. உடனே அவனைக் கைப்பேசியில் படம் பிடித்தேன். மனப்பாடமாயிருந்த அந்த எண்ணுக்கு அனுப்பினேன். "உங்கள் மகன் இங்கே இருக்கிறான்" என்று தந்தையிடமே பேசினேன். 'இருக்கலாம்' என்றுகூடச் சொல்லவில்லை, 'இருக்கிறான்' என்றேன். வண்டி நகர்ந்தது. பெரியதொரு நற்காரியம் செய்த நிறைவோடு உறங்கினேன்.

அந்தத் தந்தை இரவு வேலையை விட்டுவிட்டுச் சோலாப்பூருக்கு ஓடினார். இரண்டு நாள் நிலையத்திலேயே கிடந்து சிறுவனைக் கண்டுபிடித்தார். அவன் வேறு பிள்ளை. அவனுக்குச் சொந்தத் தாய்மாமன் ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். தம் மருமகனைக் கடத்த வந்தவன் என்றெண்ணி இவரைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்.

திரும்பி வந்தபிறகு அண்ணாச்சிதான் இதைச் சொன்னார். "நீங்க நல்லதுதான் நெனச்சீங்க தம்பி, குத்தம் சொல்லல. ஆனா உங்களுக்கு முன்னாடியும் நாலு பேரு இப்பிடிப் போன் பண்ணிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் அந்தம்மா கடைக்குப் போயி பையனுக்கு ஒரு சட்டை வாங்கிட்டு வந்துருது. வளந்திருப்பான்ல, அதனால ஒவ்வொண்ணும் ஒரு அளவு பெருசு. இப்ப அஞ்சு சட்டை இருக்கு வீட்டுல."

அந்த ஐந்தாவது சட்டை என்னால் வாங்கப்பட்டது.

சாகண் கோட்டையை நண்பர்கள் பார்த்திருக்கக்கூடும். 1660-இல் மொகலாயத் தளபதி ஷயிஸ்தா கான் பெரும்படையோடு அதை முற்றுகையிட்டான். சிவாஜியின் கோட்டைத் தலைவர் பிரங்கோஜி நர்சாலா ஒரு சிறு படையை வைத்துக்கொண்டு ஐம்பது நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தார். அகழியும் மதிலும் அசையவில்லை. கடைசியில் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்த பிறகே கோட்டை விழுந்தது. பிள்ளையைத் தொலைத்த குடும்பமும் முற்றுகைக்கு உள்ளான கோட்டைதான். துயரத்தை அவர்கள் எப்படியோ தாங்கிக்கொள்கிறார்கள். அடியில் தோண்டப்படும் பொய் நம்பிக்கையைத்தான் தாங்க முடிவதில்லை.

இப்படித் தோண்டுவோர் எல்லோரும் தீயவர்கள் அல்லர். பணம் பறிக்க வரும் எத்தன் ஒருவகை. தன் பிறப்பை அறியாமலோ மனம் நொந்தோ, "காணாமற்போன அந்தப் பிள்ளை நான்தான்" என்று மெய்யாகவே நம்பி வருபவர் இன்னொரு வகை. என்னைப் போல் இரக்கமும் அவசரமும் கலந்தவர் மூன்றாம் வகை. வருகிறவரின் நோக்கம் எதுவானாலும், வாயிலைத் திறக்கும் தாய்க்கு அடி ஒன்றே.

புனே நகருக்கு இது புதிதன்று. 1761 ஜனவரி 14-ஆம் நாள் பானிபட்டுப் போரில் பேஷ்வாவின் நெருங்கிய உறவினரும் படைத்தலைவருமான சதாசிவராவ் பாவு மாண்டார். அவருடைய மனைவி பார்வதிபாய் கணவர் இறந்தார் என்பதை ஏற்கவேயில்லை. கைம்மைக் கோலம் பூணாமலே வாழ்ந்தார். ஊரிலும் பாவு உயிரோடிருக்கிறார் என்ற பேச்சு ஓயவில்லை. அந்தப் பேச்சின்மேல் ஏறித்தான் ஒருவன் "நானே பாவு" என்று வந்தான். பிடித்துச் சிறையிட்டார்கள். ரத்னகிரியில் சிறையிலிருந்து வெளிப்பட்டுப் படை திரட்டிக் கொங்கணத்தையே கலக்கினான். 1776-இல்தான் அவன் கதை மரண தண்டனையோடு முடிந்தது. அவனைக் குறித்து வழங்கிய 'தோதயா' என்ற சொல்லுக்கு இன்றும் மராட்டியில் ஆள்மாறாட்டக்காரன் என்றே பொருள். ஆட்சியே ஆட்டங்கண்டதை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. காத்திருந்த அந்தப் பெண்ணின் காதில் "வந்துவிட்டார்" என்ற செய்தி விழுந்தபொழுது அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை யார் எழுதி வைத்தார்கள்?

"அதெல்லாம் சரி, பெற்றவள் நேரில் பார்த்தால் தெரியாதா?" என்று கேட்பீர்கள். இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் டிச்பர்ன் என்பது செல்வக் குடும்பம். அதன் வாரிசு ரோஜர் 1854-இல் கப்பலோடு கடலில் மறைந்தார். தாய் நம்பவில்லை, மகனைத் தேடி ஆஸ்திரேலியப் பத்திரிகைகள்வரை விளம்பரம் கொடுத்தார். 1866-இல் அந்நாட்டிலிருந்து, இறைச்சிக்கடை வைத்திருந்த ஒருவன் "நானே ரோஜர்" என்று எழுதினான். ரோஜர் மெலிந்தவர்; வந்தவனோ பருத்த உடலினன். ரோஜர் பிரான்சில் வளர்ந்தவர். வந்தவனுக்குப் பிரெஞ்சு மொழியே தெரியாது. உறவினர் பெரும்பாலோர் மறுத்தனர். தாய் மட்டும் அவனைக் கண்டதும் மகன் என்று ஏற்றுக்கொண்டார். 1868-இல் அந்த நம்பிக்கையோடே இறந்தும் போனார். பல ஆண்டு வழக்காடிய பிறகு 1874-இல் அவன் பொய்யன் என்று நீதிமன்றம் 14 ஆண்டுச் சிறை விதித்தது.

மற்றொன்று நம் நாட்டில், பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் நிகழ்ந்தது. 1977-இல் ஒரு நிலக்கிழாரின் ஒரே மகன், பள்ளி மாணவன், வீடு திரும்பவில்லை. 1981-இல் பாடித் திரியும் இளைஞன் ஒருவன் அக்கம்பக்கத்து ஊருக்கு வந்து அந்த மகன் தானே என்றான். தந்தை அவனை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். தாய் பார்த்தார், "இவன் என் மகனல்லன், என் மகனுக்குத் தலையில் ஒரு தழும்பு உண்டு, இவனுக்கு இல்லை" என்று சொல்லி வழக்குத் தொடுத்தார். மரபணுச் சோதனைக்கு உட்பட அந்த மனிதன் இசையவில்லை. அவனே பொய்யன் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆண்டு 2022. அதற்குள் தாயும் இல்லை, தந்தையும் இல்லை.

இரண்டு தாய்மார். ஒருவர் பொய்யனை மகன் என்றார், அவர் ஏமாந்தார். மற்றவர் பொய்யனைப் பொய்யன் என்றார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. இரண்டாமவர் வென்றதற்கும் அவர் மனம் காரணமன்று, சான்றே காரணம். மனம் சில வேளை சரியாகச் சொல்லும், சில வேளை தவறாகச் சொல்லும். எந்த வேளை எது என்று மனத்தாலேயே அறிந்துகொள்ள வழியில்லை. ஆகவே "நீ பெற்றவள்தானே, நீயே சொல்" என்று தாயின்மேல் அந்தப் பாரத்தைச் சுமத்துவது மரியாதை போலத் தோன்றினாலும் கொடுமையே ஆகும். ஏற்றுக்கொண்டு தவறினால் உண்மைப் பிள்ளையைத் தேடுவது நின்றுவிடும். மறுத்துவிட்டுத் தவறினாலோ, பெற்ற பிள்ளையையே வாயிலிலிருந்து துரத்தியவளாவாள். இப்படிப்பட்ட தேர்வை எந்த மனிதருக்கும் நாம் வைக்கலாமா?

இதில் ஏழை படும் பாடு வேறு. 1912-இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து ஏரிக்கரை ஒன்றில் பாபி டன்பார் என்ற நான்கு வயதுப் பையன் காணாமற் போனான். அடுத்த ஆண்டு ஊர் சுற்றும் ஒரு மனிதனோடு ஒரு சிறுவன் அகப்பட்டான். டன்பார் குடும்பம் வசதியுள்ளது. அவர்கள் தம் மகன் என்றனர். வயல்வேலை செய்துவந்த, மணமாகாத ஓர் ஏழைத் தாய் தன் மகன் என்றாள். முதற் பார்வையில் அவளால் உறுதியாக அடையாளம் காட்ட முடியவில்லை. பத்திரிகைகள் அவளை எள்ளி நகையாடின. சிறுவன் டன்பார் வீட்டிற்கே போனான். பாபியாகவே வளர்ந்து, மணந்து, மாண்டான். 2004-இல் அவன் வழிவந்தோர் மரபணுச் சோதனை செய்வித்தார்கள். அவன் டன்பார் குருதியினன் அல்லன் என்பது தெரிந்தது. ஒரே தீர்ப்பால் ஒரு தாய் தன் பிள்ளையை இழந்தாள். காணாமற்போன உண்மைப் பாபியைத் தேடுவாரும் இல்லாமற் போயினர்.

நம் இனத்தார் நடுவே நடந்ததை மறக்கலாகாது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையைத் துடைத்தெடுத்த அன்று, கல்முனையில் ஒரு கைக்குழந்தை உயிரோடு மீட்கப்பட்டது. மருத்துவமனையில் அன்று சேர்க்கப்பட்டோர் வரிசையில் எண்பத்தொன்றாவது. ஆதலால் 'எண்பத்தொன்றாம் குழந்தை' என்றே உலகம் அதை அழைத்தது. ஒன்பது குடும்பங்கள் அக்குழந்தையைத் தமது என்றதாகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் நீதிமன்றத்தின்முன் முறைப்படி உரிமை கோரி நின்றவர்கள் ஒரே தம்பதியர். ஒன்பது பேர் என்ற செய்தி அந்த ஒரு தம்பதியரையும் ஐயத்துக்கு ஆளாக்கியது. பெற்ற பிள்ளையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தவித்தார்கள்; பொறுக்கமாட்டாமல் மருத்துவமனைக்குள் புகுந்ததால் காவலிலும் வைக்கப்பட்டார்கள். 2005 பிப்ரவரியில் மரபணுச் சோதனையின் முடிவு வந்தது. குழந்தை அவர்களுடையதே.

இங்கே தாய்மனம் சொன்னது சரிதான். ஆனால் அதைச் சரி என்று உலகுக்கு நிலைநாட்டியது சோதனை. மற்றத் தாய்மாரை நான் பழிக்கவும் மாட்டேன். அலை கொண்டுபோன குழந்தையைத் தேடும் ஒருத்தி உயிரோடு ஒரு குழந்தையைக் காணும்பொழுது "என்னுடையதாக இருக்கலாகாதா?" என்று ஏங்குவது பொய்யாகுமா? அதுவே பழமொழி சொன்ன பித்து.

மரியாதை ராமனுக்குக் கிட்டாத கருவி நமக்குக் கிட்டியிருக்கிறது. 1984-இல் லெஸ்டர் பல்கலைக் கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்ட மரபணு அடையாள முறையை, ஐதராபாத்தில் ஆய்வு செய்த லால்ஜி சிங் போன்றோர் நம் நாட்டு நீதிமன்றங்களுக்குக் கொண்டுவந்தனர். பிள்ளையின் மரபணுவில் பாதி தாயினுடையது, பாதி தந்தையினுடையது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாலே போதும்; உறவு உண்டா இல்லையா என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்துவிடும். தாய் வழியாக மட்டுமே இறங்கும் மரபணுப் பகுதியும் ஒன்று உண்டு; பெற்றோர் இறந்துவிட்ட இடத்திலும் உடன்பிறந்தாரை வைத்துப் பார்க்க அது உதவும். இவ்வளவு இருக்க, இன்னமும் கைப்பேசியில் ஒரு மங்கலான படத்தை அனுப்பி "இவன் உங்கள் பிள்ளையா?" என்று தாயின் கண்ணைச் சோதிப்பது என்ன நியாயம்?

கைப்பேசி இக்கொடுமையைப் பன்மடங்காக்கிவிட்டது. 2007 மே 3-ஆம் நாள் போர்ச்சுகலில் மேடலின் மக்கன் என்ற ஆங்கிலச் சிறுமி காணாமற் போனாள். பதினாறு ஆண்டு கழித்து, 2023-இல், வேற்று நாட்டு இளம்பெண் ஒருத்தி "நானே மேடலின்" என்று சமூக வலைத்தளத்தில் எழுதினாள். இலட்சக்கணக்கானோர் அவள் கண்ணையும் பல்லையும் ஒப்பிட்டு விளையாடினார்கள். விவகாரம் பெற்றோரின் வீட்டு வாயில்வரை வந்தது. 2025 நவம்பரில் இங்கிலாந்து நீதிமன்றம் அவளைத் துன்புறுத்தல் குற்றவாளி என்றது. அவளும் இரங்கத்தக்கவளாகவே இருக்கலாம். ஆனால் ஒப்பிட்டு விளையாடிய அந்த இலட்சம் பேரை எந்த நீதிமன்றமும் அழைக்கவில்லை. நானும் சோலாப்பூரில் அந்த இலட்சத்தில் ஒருவன்தான்.

"அப்படியானால் எதையும் சொல்லாமல் வாய்மூடி இருக்கச் சொல்கிறாயா? உண்மையான பிள்ளையே வந்தாலும் கதவை அடைப்பதா?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1990-களின் இறுதியில் சென்னைத் தெருக்களிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் சிலர் தத்து என்ற பெயரால் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பப்பட்டது பின்னாளில் விசாரணையில் வெளிப்பட்டது. அவர்களைப் பெற்றவர்கள் குடிசைவாழ் ஏழைகள். "எங்கள் பிள்ளை எங்கோ இருக்கிறது" என்று அவர்கள் சொன்னது மெய்யே ஆயிற்று. ஆகையால் கதவை அடைக்க நான் சொல்லவில்லை. கதவு எங்கே இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறேன். அது தாயின் வீட்டு வாயிலில் இருக்கலாகாது. காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் குழுவிலும் ஆய்வுக்கூடத்திலும் இருக்கவேண்டும். தாய்க்குச் செய்தி முதலிற் போகக்கூடாது. சோதித்து முடித்தபின் கடைசியாகப் போகவேண்டும்.

சட்டமும் இதற்கு ஓரளவு வழி வைத்திருக்கிறது. காணாமற்போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் வழக்காகப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் ஆணையிட்டது. ஆனால் காணாமற்போனோரின் உறவினர் மரபணுவைத் தொகுத்து வைக்கவும் இடந்தந்த மசோதா 2019-இல் மக்களவைக்கு வந்து, 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. குடிமக்களின் அந்தரங்கத்துக்கு அதனால் ஊறு நேரும் என்ற அச்சம் வீணான அச்சமன்று. ஆயினும், தாமே விரும்பிக் கொடுக்கும் பெற்றோரின் மரபணுவை அவர்கள் பிள்ளையைத் தேடுவதற்கு மட்டும் காத்து வைக்கும் ஏற்பாடு ஒன்றை அந்த அச்சத்துக்கும் இடமின்றி அமைக்க முடியாதா? சட்டம் பயிலும் நம் நண்பர்கள் இதை ஆராய்ந்து எழுதவேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை மிக எளியவை. ஐயத்துக்குரிய நிலையில் ஒரு குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். நிலையமாயின் இருப்புப்பாதைக் காவலரிடம் சொல்லுங்கள். இடம், நேரம், கண்ட அடையாளம் இவற்றை மட்டும் சொல்லுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். குழந்தையின் படத்தை வாட்ஸாப் குழுக்களில் பரப்பாதீர்கள்; அந்தக் குழந்தைக்கும் ஒரு குடும்பம் இருக்கக்கூடும். சுவரில் உள்ள எண்ணை அழைக்கக் கை பரபரக்கும்பொழுது, மறுமுனையில் எடுப்பவர் யார் என்பதை ஒரு கணம் நினையுங்கள்.

சென்ற மாதம் மீண்டும் சாகண் சென்றேன். அறிவிப்பு அதே சுவரில்தான் இருக்கிறது. மழையில் நிறம் வெளுத்துவிட்டதால் அதன்மேல் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தார்கள். எண் மட்டும் மாறவில்லை. வேறு ஊரில் கூடுதற் கூலிக்கு வேலை கிடைத்தும் அந்தத் தந்தை போகவில்லையாம். பிள்ளை திரும்பி வந்தால் இந்த அறையைத்தானே தேடும் என்கிறாராம். நான் அவரைக் கண்டு மன்னிப்புக் கேட்க விரும்பினேன்.

அண்ணாச்சி தடுத்தார். "வேண்டாம் தம்பி. நீங்க போயி வாசல்ல நின்னாலே, ஏதோ சேதி வந்திருக்குன்னு அந்தம்மா எந்திரிச்சிரும்."

திரும்பி வந்துவிட்டேன். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஆறாவது சட்டை ஒன்று வாங்கப்பட வேண்டுமானால், அதை அணியும் பிள்ளை உண்மையாகவே வந்து நின்ற பிறகு வாங்கப்படட்டும்.